வாடகை அறை விளம்பரத்தில் "இந்தியர் வேண்டாம்": மலேசியாவில் மாநிலச் சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா?

பீடோங் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

என் மகளுக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்திருக்கிறது. தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. கெடாவில் இருக்கும் எங்கள் பீடோங்கிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய் வந்தால் தூங்கவே நேரம் இருக்காது. அதனால் அங்கேயே ஓர் அறை பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

விளம்பரங்களைப் பார்த்தால் வாடகை, டெபாசிட், வைஃபை, மோட்டார் நிறுத்த இடம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. கடைசி வரியில் இனம். "சீனர் மட்டும்", "மலாய்க்காரர், சீனர் மட்டும்". சிலர் நேராகவே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டுவிடுகிறார்கள். ஒளிவு மறைவே இல்லை. நாய் பூனை கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே நாமும் இருக்கிறோம்.

இனம் போடாத விளம்பரமாகப் பார்த்து மகள் ஓர் ஏஜன்டைக் கூப்பிட்டாள். மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்), மின்சாரம் தனி. மகளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஏஜன்டும் நன்றாகத்தான் பேசினார். சனிக்கிழமை வந்து பாருங்கள், இடத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறேன் என்றார். பிறகு பெயர் கேட்டார். சொன்னாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இந்தியா கா?" என்றார். ஆமாம் என்றாள். "மாஃப் யா டிக், ஓனர் தாக் பாகி." மன்னிக்கணும் தங்கச்சி, ஓனர் தர மாட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த அறை பிறகும் விளம்பரத்தில் அப்படியே இருந்தது, ஆள் போகவில்லை.

மகள் அழவில்லை. "இனிமே முதல்ல பேரைச் சொல்லிட்டுத்தான்மா பேச்சைத் தொடங்கணும், நேரமாச்சும் மிச்சம்" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. படித்து, சான்றிதழ் வாங்கி, சம்பளச் சீட்டு காட்டத் தயாராக இருக்கும் பிள்ளை, தன் பெயரைத் தடையாக எண்ணப் பழகிக்கொள்கிறாள்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களை எடுத்தார். வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும், வேலை போனால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். வாடகை என்ற பேச்சே லயத்தில் கிடையாது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், பல இடங்களில் செம்பனையையும் அழித்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டினார்கள். லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்குக் கையில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. வாடகை வீடுதான் கதி. அந்தக் கதவும் இப்படிச் சாத்தப்பட்டால் பிள்ளைகள் எப்படிப் பட்டணத்து வேலைக்குப் போவார்கள்?

நான் கேட்பது இதுதான். அரசியலமைப்புச் சட்டத்தில் 8ஆவது பிரிவு எல்லாரும் சமம் என்கிறதே, அது இங்கே ஏன் செல்லுபடியாகவில்லை? போலீசில் ரிப்போர்ட் போட முடியுமா? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று சட்டம் வைத்திருக்கிறதாம். நம் மாநிலச் சட்டமன்றமும் அப்படி ஒன்று போட முடியாதா? எங்கள் பகுதி சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறேன். "எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாகப் புலம்பிவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. இன்னதைச் செய்யுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தயவு செய்து "நம்ம ஆளுங்க வீடாப் பாருங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படியே பார்த்துக்கொண்டு போனால் இந்த நிலைமை மாறவே மாறாது.

---

ஈப்போ வக்கீல்:

வணக்கம் அக்கா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

8ஆவது பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இயற்றும்போதும், அரசாங்கப் பதவிக்கு ஆள் எடுக்கும்போதும், சொத்து சம்பந்தமான சட்டத்தை நிர்வகிக்கும்போதும் இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. 2001இல் பாலினத்தையும் அதில் சேர்த்தார்கள். தனியார் இருவருக்கு இடையில் நடப்பதில் அது தலையிடாது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இதை உறுதியாகவே சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மகளை மறுத்த வீட்டுக்காரர்மீது 8ஆவது பிரிவை வைத்து வழக்குப் போட முடியாது. போலீஸ் ரிப்போர்ட்டும் பயன் தராது. வாடகைக்கு விட மறுப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை.

மாநிலம் பற்றிய கேள்விதான் முக்கியமானது. பலர் இதை யோசிப்பதே இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலம் என்ற தலைப்பின் கீழ், நில உரிமையோடு சேர்த்து, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவும், வாடகைக் கட்டுப்பாடும் எழுதியிருக்கிறது. மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களில் எது குற்றம் என்று வரையறுக்கும் அதிகாரமும் அதே பட்டியலில் மாநிலத்துக்கு இருக்கிறது. ஆகவே "இனம் குறிப்பிட்டு வாடகை விளம்பரம் செய்வது குற்றம், இவ்வளவு அபராதம்" என்று ஒரு மாநிலச் சட்டமன்றம் சட்டம் போடலாம் என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கம் என்ன வாதிடும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒப்பந்தச் சட்டம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, வாடகை உடன்பாடும் ஒப்பந்தம்தானே என்பார்கள். அப்புறம் 76ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு: நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக நிலம், வீட்டுக்காரர்-குடியிருப்பவர் உறவு ஆகியவற்றில் நாடாளுமன்றமே சட்டம் போடலாம். தேசிய நிலச் சட்டம் 1965 அப்படி வந்ததுதான். நாடாளுமன்றம் போட்டுவிட்டால், அதனோடு முரண்படுகிற மாநிலச் சட்டம் 75ஆவது பிரிவின்படி செல்லாது. குடியிருப்பு வாடகைச் சட்டம் என்ற ஒன்றைப் பற்றி வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மத்தியச் சட்டம் வரப்போகிறது என்று சொல்லியே மாநிலங்கள் கைகட்டி நிற்கலாம். அதற்கு விடாதீர்கள். மத்தியச் சட்டம் வரும்வரை மாநிலச் சட்டத்துக்குத் தடை ஏதும் இல்லை.

இன்னொன்று. அறை பாயான் லெப்பாஸில் என்றால் உங்களுக்குத் தேவை பினாங்குச் சட்டமன்றம். வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் பேசும். கெடா உறுப்பினரைப் பார்ப்பதும் வீண் இல்லை. சுங்கை பட்டாணியிலும், உங்கள் பக்கத்திலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் அறை தேடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

"தனியார் விஷயத்தில் சட்டம் எப்படி நுழையும்?" என்று கேட்டால் இரண்டு உதாரணம் சொல்லுங்கள். வேலைச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் 69எஃப் பிரிவின்படி, வேலையிடத்தில் பாகுபாடு என்று தொழிலாளி புகார் செய்தால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். அதே 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டமும் வந்தது. அதற்கென்று தனி நடுவர் மன்றம், வக்கீல் வைக்காமலே போய் நிற்கலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு. இதெல்லாம் தனியாருக்கு இடையே நடப்பதுதான். வீட்டு விஷயம் விடுபட்டுக் கிடக்கிறது.

---

சுங்கை பட்டாணி வீட்டுக்காரர்:

நானும் வாடகைக்கு வீடு விடுகிறவன்தான், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அக்கா கோபப்படக் கூடாது.

இனம் போட்டு விளம்பரம் செய்வது தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஆள் கழிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என் வீட்டில் ஒரு குடும்பம் வாடகை கட்டாமலே மாதக்கணக்கில் இருந்தது. தண்ணீர் பில், மின்சாரப் பில் எல்லாம் என் பெயரில். பூட்டை மாற்றக் கூடாது, சாமானை வெளியே வைக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது. நீதிமன்றம் போனால் வக்கீல் செலவு, அதற்குள் பேங்க் லோன் ஒரு பக்கம் ஓடுகிறது. அவர்கள் போன பிறகு சமையலறைச் சிங்க்கைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்தக் குடும்பம் என்ன இனம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவே அந்த இனத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பல வீட்டுக்காரர்கள் செய்வது இதைத்தான். ஒருவர் ஏமாற்றினால் அவருடைய இனத்தையே கழித்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஆளை விசாரிக்க வேறு வழி தெரியவில்லை, ஏமாந்தால் சீக்கிரம் மீளவும் வழி இல்லை.

ஆகவே சட்டம் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இனம் பார்க்கக் கூடாது என்று தடை போடுங்கள். கூடவே, வாடகை பாக்கி வழக்கைச் சீக்கிரம் முடிக்க ஒரு நடுவர் மன்றமும், டெபாசிட்டை நடுநிலையான ஓர் இடத்தில் வைக்கும் ஏற்பாடும் வேண்டும். புது வீடு வாங்குகிறவருக்கு மேம்பாட்டாளர்மேல் புகார் செய்ய நடுவர் மன்றம் இருக்கிறது. வாடகைக்கு விடுகிறவருக்கும் குடியிருப்பவருக்கும் எதுவும் இல்லை. சம்பளச் சீட்டு கேட்கலாம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் கடிதம் கேட்கலாம். அதையெல்லாம் கேட்க உரிமை இருக்கட்டும். பெயரைக் கேட்டுவிட்டுப் போனை வைக்கிற உரிமை யாருக்கும் வேண்டாம்.

ஒரு சந்தேகம். ஒரே வீட்டில் நானும் குடும்பமும் இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விட்டால், அங்கேயுமா சட்டம் வரும்? ஒரே அடுப்பு, ஒரே பாத்ரூம். அதற்கு விலக்கு கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

---

டெட்ராயிட்வாசி:

கெடாவின் கோல கெட்டிலில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் அண்ணன் கேட்ட கேள்விக்கு இந்த ஊர் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது.

இங்கே நாடு முழுவதற்குமான வீட்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1968 ஏப்ரல் 11ஆம் தேதி கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரம். அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய விதி அவரைப் பிடிக்காது. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. தன் சொந்த வீட்டு அறைக்கே என்றாலும் "இன்ன இனத்தார் வேண்டாம்" என்று எழுதிப் போட முடியாது. அக்கா, உங்கள் தாளில் முதல் வரியாக இதை எழுதுங்கள். விளம்பரத் தடைக்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். எழுத்தே கண் முன்னால் இருக்கிறது.

மாநிலங்கள் பற்றிக் கேட்டீர்கள். வாஷிங்டன் செய்யட்டும் என்று எல்லா மாநிலமும் காத்திருக்கவில்லை. கொலராடோவும் மாசசூசெட்ஸும் 1959இலேயே தனியார் வீடுகளுக்கும் பொருந்தும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டன. கலிபோர்னியா 1963இல் கொண்டுவந்தது. உடனே ரியல் எஸ்டேட்காரர்கள் கிளம்பினார்கள். 1964இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்தச் சட்டத்தை முடக்கினார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம்தான் அந்த வாக்கெடுப்பு முடிவு செல்லாது என்றது. நம் நாட்டில் 2018இல் ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு ஒப்பந்தத்தில் சேரப் போவதாகச் சொன்ன அரசாங்கம், எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரிலேயே பின்வாங்கியது நினைவிருக்கும். எதிர்ப்பு வரும். வருகிறது என்பதற்காகக் கோரிக்கை தப்பாகிவிடாது.

மிச்சிகன் மாநிலத்துக்கென்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டு விஷயத்தில் இனம், மதம், பூர்வீக நாடு, வயது, பாலினம், திருமண நிலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மத்திய வீட்டுச் சட்டத்தில் இல்லாத வயதையும் திருமண நிலையையும் மாநிலம் சேர்த்துக்கொண்டது. மாநிலத்தின் குடிமை உரிமைகள் துறையில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை.

உங்கள் மகளுக்கு நடந்ததுபோல் வாயால் மறுப்பதை எப்படி நிரூபிப்பது? இங்கே சோதனை ஆட்களை அனுப்புகிறார்கள். ஒரே சம்பளம், ஒரே மாதிரி வேலை, பெயரும் இனமும் மட்டும் வேறு. இருவரும் ஒரே வீட்டைக் கேட்பார்கள். ஒருவருக்கு "காலியாக இருக்கிறது", இன்னொருவருக்கு "போய்விட்டது" என்றால் பிடிபட்டார்கள். அப்படிப் போய்ப் பொய்த் தகவல் பெற்ற சோதனையாளரே வழக்குப் போடலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவும் இருந்தும் இங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒரு ஏஜன்ட் வாயைத் திறந்து "ஓனருக்கு உங்கள் இனம் பிடிக்காது" என்று சொல்லப் பயப்படுகிறார். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

---

கிள்ளான் டீச்சர்:

அக்காவின் மகளை நினைத்து மனசு கனத்துப்போனது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

சட்டத்தில் இனம் என்று மட்டும் எழுதினால் போதாது. நம்மவர் வீடுகளிலேயே "நீங்க எந்த ஆளுங்க?" என்று சாதி கேட்கிறார்கள். புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்த என் தோழிக்கு, தமிழர் வீட்டிலேயே "ஆம்பளை இல்லாத வீடு, பிறகு பிரச்சினை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவள் நான்கு தெரு தள்ளி ஒரு சீனக் கிழவியின் வீட்டில் மேல்மாடியில் இருக்கிறாள். அந்தப் பாட்டி அவள் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்.

8ஆவது பிரிவில் இருக்கிற "வம்சாவளி" என்ற சொல்லை மாநிலச் சட்டத்திலும் போடச் சொல்லுங்கள், சாதி அதற்குள் வரும். திருமண நிலையும் உடற்குறையும் கட்டாயம் இருக்க வேண்டும். நமக்கு மறுக்கப்படுகிற நியாயத்தை மட்டும் கேட்டுவிட்டு, நாம் மறுக்கிற நியாயத்தை மறைத்து வைத்தால் அது நியாயம் கேட்பதாக ஆகாது.

---

பீடோங் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், அது சரியான பேச்சு. வீட்டுக்காரர் தம்பி, எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நடுவர் மன்றம் வேண்டும் என்று நானும் எழுதுகிறேன். நேர்மையாக வாடகை கட்டுகிறவர்களுக்கும் அது நல்லதுதான்.

தாளில் இப்போதைக்கு இருப்பது: யாராக இருந்தாலும் வாடகை விளம்பரத்தில் இனம், மதம், வம்சாவளி, திருமண நிலை, உடற்குறை எழுதவும், அவற்றைப் பார்த்து ஆளை மறுக்கவும் தடை. விளம்பரத்தை ஏற்றுகிற இணையத்தளத்துக்கும், வீட்டுக்காரர் சொன்னார் என்று தட்டிக் கழிக்கிற ஏஜன்டுக்கும் சேர்த்தே அபராதம். உரிமையாளர் கூடவே குடியிருக்கும் வீட்டுக்கு ஆள் தேர்வில் மட்டும் விலக்கு. வக்கீல் இல்லாமல் போகக்கூடிய நடுவர் மன்றம். சோதனை ஆட்கள் சொல்வதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்வது.

மகளோடு படித்த மலாய்ப் பிள்ளை ஒருத்தி இதைக் கேள்விப்பட்டு, அதே ஏஜன்டைத் தானே கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிறேன் என்கிறாள். செய்யலாமா வக்கீல் தம்பி? மகள் இப்போது பட்டர்வொர்த்தில் என் சின்னம்மா மகள் வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறாள்.

---

ஈப்போ வக்கீல்:

தாராளமாகச் செய்யலாம் அக்கா. கூப்பிட்ட தேதி, நேரம், என்ன பேசினார்கள் என்பதை இருவரும் அன்றைக்கே தனித்தனியாக எழுதி வைக்கட்டும். புலனத்தில் கேட்டால் இன்னும் நல்லது, பதில் எழுத்தில் இருக்கும். விளம்பரத்தைத் தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து வையுங்கள், அழித்துவிடுவார்கள்.

அந்த ஏஜன்டின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முறையாகப் பதிந்த நெகோஷியேட்டர் (வீட்டு முகவர் நிறுவனத்துக்காகப் பேரம் பேசுகிறவர்) என்றால் சிவப்பு அட்டை போட்டிருப்பார், விளம்பரத்திலும் எண் இருக்கும். சொத்து முகவர்களுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். எண்ணே இல்லாதவர் என்றால் அவர் சட்டவிரோதத் தரகர், அதுவே தனிக் குற்றம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் ஒரு பிரதி. அவர்களால் தண்டிக்க முடியாது, ஆனால் விசாரிக்கவும் பரிந்துரைக்கவும் முடியும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது இந்தப் பிரதிகளையும் கையோடு கொண்டுபோங்கள். தாளை மலாயிலும் எழுத வேண்டும். வரைவை இங்கே ஏற்றுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.